நம் சேமிப்பை ஆளுவது யார்?

(தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் மாதர் சங்க உறுப்பினர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைக் கூட்டிக் கேட்க நமக்குத் தெரியும். பெரட்டுக்களத்திலும் கேட்டிருக்கிறோம், பேச்சுவார்த்தை மேசையிலும் கேட்டிருக்கிறோம். அந்தச் சம்பளத்தில் மிஞ்சுவதைப் பதினைந்து, இருபது வருடத்துக்கு யார் கையில் கொடுத்து வைப்பது என்று மட்டும் நாம் கூடிப் பேசியதில்லை. இன்று அதைப் பேசுவோம்.

லயத்துக்கு லயம் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். தாய்மார் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து பணம் அனுப்புகிறார்கள். ஒரு சிறு தொகை சேர்ந்துவிட்டால் மோப்பம் பிடித்து ஆள் வருகிறது. "நிபுணர்கள் உங்கள் பணத்தைப் பெருக்கித் தருவார்கள், மாதம் நூற்றுக்குப் பத்து" என்று சொல்கிறார்கள். நிபுணரிடம் பணத்தை ஒப்படைப்பதில் தவறில்லை. யார் நிபுணர், யார் ஏமாற்றுக்காரர் என்று பிரித்துப் பார்க்க நாம் பழக வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். நம் ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே ஒரு நிபுணர் இருக்கிறார். 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டப்படி நமக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. உதாரணத்துக்கு நாட்சம்பளம் 1,350 ரூபா, மாதம் 25 பேர் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். சம்பளம் 33,750 ரூபா. அதில் 8 வீதம், அதாவது 2,700 ரூபா, நம்மிடம் பிடிக்கிறார்கள். தோட்டம் தன் பங்காக 12 வீதம், 4,050 ரூபா போட வேண்டும். மாதம் 6,750 ரூபா! இதற்கு மேலே ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதத்தைத் தோட்டமே கட்ட வேண்டும். சேமலாப நிதியின் பணத்தை இலங்கை மத்திய வங்கி முதலீடு செய்து வருடாவருடம் வட்டி சேர்க்கிறது. 2023-க்கு 13 வீதம் கொடுத்தார்கள்.

ஆகவே முதல் வேலை இந்தக் கணக்கைப் பார்ப்பதுதான். பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா? செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று இருக்கிறதா? பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணத்தை எடுக்கப் போகும்போது அலைய வேண்டி வரும். அதை இப்போதே திருத்துவோம். கட்டாத பணத்துக்குத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யச் சட்டம் இருக்கிறது. அதற்குச் சங்கமும் இருக்கிறது.

இரண்டாவது, சேமிப்புக்கு ஒரு வரிசை உண்டு. அடகில் இருக்கும் நகைக்கும் நுண்கடனுக்கும் நாம் கட்டும் வட்டியை எந்த முதலீடும் நமக்குத் தராது. முதலில் அதை அடைப்போம். அடுத்து, மழைக்கு வேலை இல்லாத நாளுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் மூன்று மாதச் சாப்பாட்டுக் காசை வங்கியில் வைப்போம். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. சீட்டும் மரண உதவிச் சங்கமும் அவசரத்துக்கு நல்லவை. ஆனால் சீட்டில் போட்ட காசு இருபது வருடத்தில் வளராது.

இவ்வளவுக்கும் மேலே மிஞ்சுவதைத்தான் நீண்டகால முதலீட்டுக்கு ஒதுக்க வேண்டும். தனியாக ஒரு முதலீட்டு முகாமையாளரை அமர்த்துவது பெரிய தொகை வைத்திருப்பவர்களுக்கே சரிப்படும். நம்மைப் போன்றவர்களுக்கு இருக்கும் வழி 'யுனிட் ட்ரஸ்ட்'. பலருடைய சிறு தொகைகளை ஒன்றாக்கி, திறைசேரி உண்டியல், வைப்பு, கம்பனிப் பங்கு ஆகியவற்றில் நிபுணர்கள் முதலீடு செய்வார்கள். இலங்கையில் இது 1991 முதல் நடக்கிறது. சில நிதியங்களில் 1,000 ரூபாவோடும் தொடங்கலாம்.

யாரிடம் போனாலும் நான்கு கேள்விகள் கேட்போம்.

ஒன்று: உரிமம் தந்தது யார்? யுனிட் ட்ரஸ்டை நடத்தும் கம்பனிக்குப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். வைப்பு எடுப்பவருக்கு மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல்களை இரண்டு இடத்திலும் பார்க்கலாம். 2008-இல் கோல்டன் கீ நிறுவனம் விழுந்தபோது ஆயிரக்கணக்கானோரின் பணம் சிக்கியது. வைப்பு எடுக்க அதற்கு மத்திய வங்கியின் அனுமதி இருக்கவில்லை. பணம் போட்டவர்களில் நன்றாகப் படித்தவர்களும் இருந்தார்கள்.

இரண்டு: பணம் யார் கையில் இருக்கும்? யுனிட் ட்ரஸ்டில் முதலீட்டைத் தீர்மானிப்பவர் ஒருவர், சொத்தைக் காப்பவர் வேறொருவர். காப்பவரை நம்பிக்கைப் பொறுப்பாளர் என்பார்கள், பெரும்பாலும் அது ஒரு வங்கிதான். நாம் நிதியத்தின் வங்கிக் கணக்கில்தான் பணம் கட்ட வேண்டும். வீட்டுக்கு வருபவரின் கையிலோ அவருடைய சொந்தக் கணக்கிலோ ஒரு ரூபாவும் போடக் கூடாது.

மூன்று: கூலி எவ்வளவு? முகாமைக் கட்டணம் வருடம் நூற்றுக்கு ஒன்றரை என்றால், ஒரு இலட்சத்துக்கு 1,500 ரூபா. இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் அதை எடுப்பார்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் வேறு கட்டணம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

நான்கு: பெறுமதி குறைந்தால்? உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ முறிந்தால், வைப்பாளர் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. யுனிட் ட்ரஸ்டுக்கு அது இல்லை. பங்குகளில் போடும் நிதியத்தின் விலை ஏறும், இறங்கும். மகளின் கல்யாணம் அடுத்த வருடம் என்றால் அந்தக் காசை அங்கே போடக் கூடாது. பத்து வருடம் தொடாமல் வைக்கக்கூடிய காசுக்கே அது இடம். நட்டமே வராது என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுவோம்.

நிபுணரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடவும் முடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்தில் ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. அந்த வருடம் சேமலாப நிதிக்குக் கிடைத்த வட்டி 9 வீதம். அடுத்த வருடம் அரசாங்கம் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது அந்த நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளும் அதில் அகப்பட்டன. நம் பணத்தை ஆளுபவர் யாராக இருந்தாலும் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தனியாகக் கேட்டால் பதில் வராது. சங்கமாகக் கேட்போம்.

சங்கம் யாருடைய பணத்தையும் வாங்கி முதலீடு செய்யாது. எந்தக் கம்பனிக்கும் தரகு பார்க்காது. சங்கத்தின் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் உடனே கமிட்டிக்குச் சொல்லுங்கள். கையெழுத்து வைக்கும் முன்னே காகிதத்தைக் கொண்டு வாருங்கள், தமிழில் சேர்ந்து வாசிப்போம். தமிழில் விளக்கம் தரச் சொல்லி அவர்களையும் கேட்போம்.

தலைவர்மாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு டிவிசனிலும் சேமலாப நிதிக் கணக்கில் உள்ள பெயரையும் அடையாள அட்டைப் பெயரையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் எடுங்கள். ஓய்வு பெற ஐந்து வருடம் இருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள். பட்டியலோடு சந்திப்போம்.