உயிர் காத்த உப்பு நீர்

(ஊராட்சி ஒன்றிய மகளிர் குழுப் பொறுப்பாளர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கிராம முன்னேற்றம் என்றதும் சாலை, பாலம், கட்டிடம் ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. பிறந்த குழந்தை பிழைத்து வளர்வதே முன்னேற்றத்தின் முதற்படி என்பதை நாம் மறத்தலாகாது. அதற்கு வழிகாட்டிய குழந்தை மருத்துவர் ஒருவரைப் பற்றி இன்று கூற விழைகிறோம். அவர் வங்கம் தந்த டாக்டர் திலீப் மகலானபிஸ்.

1934-ஆம் ஆண்டில் பிறந்த அவர், கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, இங்கிலாந்தில் குழந்தை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றுத் தாயகம் திரும்பினார். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்கத்தில் புகலடைந்தனர். எல்லையோர ஊராகிய பன்காவ்னில் அவர்களிடையே காலரா பரவியது. சிறிய மருத்துவமனையின் படுக்கைகள் நிறைந்து, நோயாளிகள் தரையில் கிடந்தனர். நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துகொண்டிருந்தது. அதனை ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை.

காலரா கண்ட குடலிலும் குளுக்கோசு உப்பைத் தன்னுடன் உள்ளே கொண்டு செல்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. மருத்துவமனை ஆய்வுகள் இதனை முன்னரே காட்டியிருந்தன. ஆயினும், பயிற்சி இல்லாதவர் இதனைக் கொடுத்தலாகாது என்றே மருத்துவர் பலர் கருதினர். டாக்டர் மகலானபிஸ் துணிந்தார். லிட்டர் நீருக்குக் குளுக்கோசு 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் எனப் பொட்டலங்கள் ஆயத்தமாயின. கரைத்து வைத்த நீரைத் தாய்மாரும் உறவினருமே குவளையில் எடுத்து நோயாளிகளுக்குப் புகட்டினர். நூற்றுக்கு 30 என்ற அளவை எட்டியிருந்த இறப்பு, 4-க்கும் கீழே இறங்கியது!

மருந்து சிறந்தது, மருத்துவம் பயிலாத தாயிடம் அவர் வைத்த நம்பிக்கை அதனினும் சிறந்தது. பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியால் இம்முறை நாடெங்கும் பரவியது. 2022-இல் அவர் மறைந்தார். 2023-இல் பாரத அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்துப் பெருமை செய்தது.

தாய்மார்களே! வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாகாது என்னும் எண்ணம் இன்னும் சில வீடுகளில் நிலவுகிறது. வெளியேறும் நீருக்கு ஈடு செய்யாமையே குழந்தையின் உயிரைப் பறிக்கிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரைக் காய்ச்சி ஆற்றி, அதில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். 24 மணி நேரம் கடந்த கரைசலைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றபின்பும், 14 நாட்கள் கொடுங்கள். கண் குழிந்தாலோ, குழந்தை சோர்ந்து குடிக்க இயலாதிருந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஒவ்வொரு குழுவும் தன் தெருவில் ஒரு வீட்டில் இப்பொட்டலங்களை எப்போதும் இருப்பு வைத்தல் வேண்டும். நள்ளிரவில் கதவைத் தட்டும் தாய் வெறுங்கையுடன் திரும்பலாகாது. இதுவே நாம் உங்களிடம் வேண்டுவது.