நின்றுகொண்டே மூப்படையும் பேட்டரி



காரைக்குடியில் நின்றுகொண்டு பேட்டரியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் ஊர் இது. இங்கே வந்து எதிர்மின்முனை என்றால் என்ன என்று நான் ஆரம்பித்தால் முன்வரிசையிலேயே சிரிப்பு எழும். ஆகவே, இந்தக் கருத்தரங்கின் தலைமையுரைக்குத் தந்த நேரத்தில் ஒரே ஒரு வழக்கைத் தொடுத்துவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

மின்சாரக் காரின் பேட்டரி ஆயுள் என்றதும் நாம் சுழற்சிகளை எண்ணத் தொடங்குகிறோம். ஆயிரம் முறை ஏற்றி இறக்கினால் எவ்வளவு மிஞ்சும், இரண்டாயிரம் முறை ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். சொந்த உபயோகக் கார் ஒரு நாளில் ஓடுவது ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. மற்ற நேரமெல்லாம் நிற்கிறது. பேட்டரியின் மூப்பில் பெரும்பங்கு அப்படி நிற்கும்போதே நடக்கிறது. நம் ஆய்வுக்கூடங்கள் அந்த நேரத்தை வெற்று நேரமாகவே நடத்துகின்றன. இதுதான் என் வழக்கு.

சாட்சிக்கு அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தை அழைக்கிறேன். நிசான் லீஃப் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 24 கிலோவாட் மணி பேட்டரி. அதைக் குளிர்விக்கத் திரவமும் கிடையாது, விசிறியும் கிடையாது. முகப்புப் பலகையின் ஓரத்தில் பேட்டரியின் கொள்திறனைக் காட்ட 12 சிறு கோடுகள் இருந்தன. முதல் கோடு அணைந்தால் ஏறத்தாழ 15 சதவீதம் போய்விட்டது என்று பொருள். 2012 கோடையில் ஃபீனிக்ஸ் உரிமையாளர்களின் வண்டிகளில், வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், கோடுகள் அணையத் தொடங்கின. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் 9 கோடுகளுக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருவோம் என்று நிறுவனம் உத்தரவாதம் கொடுத்தது. பிறகு வெப்பம் தாங்கும் புதிய வேதியியலுக்கும் மாறியது. குளிர்ந்த ஊர்களில் ஓடிய அதே லீஃப் கார்கள் இவ்வளவு விரைவாகத் தளரவில்லை. வண்டி ஒன்றுதான், நின்ற இடம் வேறு.

இதே காரில் இன்னொரு கதையும் இருக்கிறது. வண்டி வாங்கியவர்களிலேயே பலர் கவனிக்காதது. தொடக்கத்தில் அதில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி இருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, காரின் ஓடுதூரத்தைக் கணிக்கும்போது 80 சதவீதத்தில் கிடைக்கும் தூரத்தையும் 100 சதவீதத்தில் கிடைக்கும் தூரத்தையும் சராசரி எடுத்தது. 66 மைலும் 84 மைலும் சேர்ந்து, 2013 மாடலின் விளம்பரத்தில் 75 மைல் என்று போட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு நிசான் அமெரிக்க மாடலில் அந்த வசதியையே எடுத்துவிட்டது. ஓடுதூரம் 84 மைல் என்று அச்சானது. பேட்டரிக்கு நல்லது செய்த ஒரு பொத்தான், விளம்பரத்தில் எண்ணைக் குறைத்த குற்றத்துக்காகக் காணாமல் போனது! கொள்கை வகுப்பவர்கள் யாராவது அவையில் இருந்தால் இதை ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்கலாம்.

ஏன் இப்படி ஆகிறது என்பது இங்கே பலருக்குத் தெரிந்ததே. மாணவர்களுக்காக இரண்டு வார்த்தை. முழுக்கச் சார்ஜ் ஏறிய நிலையில் கிராஃபைட் முனையின் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்திருக்கும். அதைத் தொடும் மின்பகுளி அங்கே நிலையாக இருக்க முடியாமல் சிதைந்து, முனையின் மேல் ஒரு படலமாகப் படிகிறது. அந்தப் படலம் இல்லாவிட்டால் பேட்டரியே இல்லை. ஆனால் அது வளர வளர, மின்னோட்டத்துக்குப் பயன்பட வேண்டிய லித்தியத்தைத் தின்கிறது. இதற்குக் கார் ஓட வேண்டும் என்ற அவசியமே இல்லை. வெப்பமும் நிறைந்த சார்ஜும் போதும். பொதுவாக வளர்ச்சி காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும். அதனால்தான் முதல் ஆண்டில் இழப்பு சட்டென்று தெரிந்து, பிறகு நிதானப்படுகிறது. முதல் ஆண்டின் இழப்பைப் பார்த்துப் பதறி வண்டியை விற்க நினைப்பவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் புண்ணியம்.

கடும் குளிரில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் முனையின் மேல் லித்தியம் உலோகமாகப் படியும் சிக்கல் நார்வேக்காரர்களுடையது. நமக்கு இன்று அது வேண்டாம்.

2024 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவினர் வெளியிட்ட ஆய்வை நீங்கள் படித்திருப்பீர்கள். 92 மின்கலங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சோதித்தார்கள். ஒரே சீரான மின்னோட்டத்தில் இறக்கியவற்றைவிட, சாலையில் ஓட்டுவது போல் முடுக்கியும் தணித்தும் இறக்கியவை நெடுநாள் உழைத்தன. வேறுபாடு 38 சதவீதம் வரை போனது. நாளிதழ்கள் இந்த முடிவைத் தலைப்பாக்கின. எனக்கு முக்கியமாகப் பட்டது அதே குழுவினர் சொன்ன இன்னொரு விஷயம்: ஓய்வில்லாமல் ஓடும் பேருந்திலும் சரக்கு வண்டியிலும் சுழற்சி மூப்பு மேலோங்கும், வீட்டுக் காரில் கால மூப்பே மேலோங்கும். அப்படியானால் டாக்சி நிறுவனத்துக்குச் சொல்லும் அறிவுரையை ஆசிரியர் ஒருவரின் காருக்கு அப்படியே சொல்வது சரியாகாது.

நம் ஊரில் பல கார்களில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட், எல்.எஃப்.பி. பேட்டரி. இதை நூறு வரை ஏற்றினால் ஒன்றும் ஆகாது என்று ஷோரூமில் சொல்லி அனுப்புகிறார்கள். பாதி உண்மை. இதன் மின்னழுத்தக் கோடு நடுவில் சமதளமாக ஓடுவதால், எவ்வளவு சார்ஜ் மீதியிருக்கிறது என்று கணிப்பதில் பேட்டரி மேலாண்மை அமைப்பு தடுமாறும். அதைச் சரிசெய்ய அவ்வப்போது முழுக்க ஏற்றுவது நல்லது. நேர்மின்முனையும் அவ்வளவாகக் கெடாது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பது அதே கிராஃபைட். நூறு வரை ஏற்றியது தவறில்லை. ஏற்றிய பிறகு நான்கு நாள் வெயிலில் நிறுத்தி வைப்பதுதான் தவறு.

சென்னையில் ஓர் அடுக்ககத்தைப் பாருங்கள். மே மாதம். கூரையுள்ள பார்க்கிங்குக்குத் தனி விலை என்பதால் வண்டி திறந்தவெளியில் நிற்கிறது. பகல் முழுக்கத் தரை காய்ந்திருக்கிறது. மாலையில் அலுவலகத்திலிருந்து வந்தவர், இறங்கிய கையோடு சார்ஜரைச் செருகிவிட்டு லிஃப்டில் ஏறுகிறார். இரவு பன்னிரண்டுக்கே நூறு ஆகிவிடுகிறது. காலை எட்டரை வரை அது நூறிலேயே நிற்கிறது. இரவிலும் வெப்பநிலை 28 பாகைக்குக் கீழே வர மறுக்கிறது. சில நூறு கிலோ எடையுள்ள பேட்டரி பகலில் வாங்கிய சூட்டை அவ்வளவு எளிதில் விடாது. அவரைக் கேட்டால், நான் ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன், வண்டியைப் பூப்போல வைத்திருக்கிறேன் என்பார். காலை ஏழரைக்குச் சார்ஜ் முடிகிற மாதிரி நேரம் குறித்து, எழுபது எண்பதோடு நிறுத்தினால் அவருக்குப் போதும். பல கார்களில் அந்த வசதி மெனுவின் மூன்றாம் பக்கத்தில் ஒளிந்துகிடக்கிறது. இரண்டு மாதம் வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போகிறவர், நிரப்பி வைத்துவிட்டுப் போகாமல் பாதி சார்ஜில் நிழலில் நிறுத்திவிட்டுப் போகலாம். ஒரு பைசா செலவில்லை.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் உரிமையாளர் தலையில் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பேட்டரியில் எவ்வளவு நலம் மீதியிருக்கிறது என்பதையே பல கார்கள் அவருக்குக் காட்டுவதில்லை. பழைய கார் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்கிறோம். எங்கே, எந்தச் சூட்டில், எவ்வளவு சார்ஜோடு நின்றது என்று கேட்க வழியே இல்லை. 2022இல் ஐ.நா. வகுத்த 22ஆம் உலகத் தொழில்நுட்ப விதி, 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டருக்கு 80 சதவீதம், 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டருக்கு 70 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்கிறது. மிஞ்சியதை உரிமையாளரே வண்டியில் படித்துக்கொள்ளவும் வழி கேட்கிறது. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல் மின்சாரக் கார் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் அதன் விவரங்களைச் சொல்லும் மின்னணுக் கடவுச்சீட்டு வேண்டும். நம் நாட்டில் பல கார்களுக்கு 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் என்று உத்தரவாதம் தருகிறார்கள். அந்த எட்டு ஆண்டும் பேட்டரியின் நிலையை அளப்பவர் உத்தரவாதம் தந்தவரேதான். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த இரண்டு நாளில் கட்டுரை படிக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வரைபடத்தின் கிடையச்சில் சுழற்சி எண்ணிக்கை இருக்குமானால், அத்தனை சுழற்சியும் எத்தனை நாளில் முடிந்தது, இடையில் மின்கலம் எந்த வெப்பநிலையில், எவ்வளவு சார்ஜில் ஓய்ந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 25 பாகை அறையில் எடுத்த முடிவானால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 35 பாகையில், 90 சதவீதச் சார்ஜில், ஒன்றும் செய்யாமல் ஓர் ஆண்டு சும்மா வைத்துப் பார்த்த மின்கலம் யாரிடமாவது இருந்தால், அவருக்கு என் நேரத்திலிருந்து பத்து நிமிடம் தருகிறேன்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் தலைவர் மேடைக்கு வரலாம்.