நீந்தி வரும் நாயின் ஈரம்

தில்லியில் சித்திரை பிறந்துவிட்டால் மனிதர் மட்டுமல்லர், வீட்டு நாயும் தண்ணீரைத் தேடத் தொடங்குகிறது. நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் மட்டுமே சிறிது வியர்வை சுரக்கும். மற்றபடி நாவை நீட்டி இரைத்துத்தான் அது தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆதலால் விடுமுறை நாளின் விடியலில் முராத்நகர்ப் பக்கம் மேல் கங்கைக் கால்வாய்க்கு நாங்கள் போகும்போது எங்கள் மணியையும் அழைத்துச் செல்வது வழக்கமாயிற்று. மணி என்பது பெயர்தான் நம்மூர்ப் பெயர். சாதியில் அவன் லாப்ரடார். அந்தக் கால்வாயின் நீரோட்டம் விசையுள்ளது. மார்புப்பட்டியில் நீண்ட கயிறு பிணைக்காமல் எந்த நாயையும் அதில் இறக்கலாகாது.

முதல் ஆண்டு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வீடு திரும்பியதும் அவனைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். மணக்க மணக்கக் குளிப்பாட்டினேன் என்று பெருமைகூடப் பட்டேன். மூன்றாம் நாள் தலையை ஒரு பக்கம் சாய்த்து உதறத் தொடங்கினான். விளையாட்டு என்று நினைத்தோம். வாரக் கடைசியில் இடக்காது பணியாரம் போல் உப்பிவிட்டது. கால்நடை மருத்துவர் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீந்திய பிறகு துவட்டினீர்களா?" என்றார். "நன்றாகக் குளிப்பாட்டினேன்" என்றேன். "குளிப்பாட்டியதை நான் கேட்கவில்லையே" என்றார் அவர்.

செவிக்குழாயில் ஈரம் தங்கி, நுண்கிருமிகள் பெருகி, அரிப்புத் தாளாமல் ஓயாது உதறியதில் காது மடலுக்குள் சிறு இரத்தக்குழாய் உடைந்து, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே இரத்தம் கட்டியிருந்தது. கீறி வடித்துத் தையல் போட வேண்டியதாயிற்று. அந்தக் காது இன்றும் உலர்ந்த வெற்றிலை போல் சுருங்கியே இருக்கிறது.

நாயின் செவிக்குழாய் முதலில் கீழ்நோக்கி இறங்கிப் பின்னர் உட்புறமாக வளைகிறது. அந்த வளைவில் புகுந்த நீர் எளிதில் வெளிவருவதில்லை. லாப்ரடார், ஸ்பானியல் போன்ற மடிந்த காதுடைய நாய்களுக்கோ அதன்மேல் ஒரு மூடியும் போட்டாற்போல் ஆகிவிடுகிறது. இருளும் வெம்மையும் ஈரமும் ஓரிடத்தில் கூடினால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

நம் ஊர்ப்பக்கத்தில் இப்படியெல்லாம் பார்த்ததில்லையே என்று நேயர்களில் சிலர் எண்ணலாம். மெய்தான். சிப்பிப்பாறை, இராஜபாளையம் நாய்களின் உரோமம் குட்டையானது, உடலோடு ஒட்டியது. குளத்தில் விழுந்து எழுந்த நாய் களத்து வெயிலில் சிறிது நேரம் படுத்தால் உலர்ந்துவிடும். லாப்ரடாரின் கதை வேறு. அதன் மூதாதையர் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவரோடு குளிர்நீரில் உழைத்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே தனியினமாக வளர்க்கப்பட்டன. குளிர் தாக்காதிருக்க எண்ணெய்ப் பசையுள்ள மேலுரோமத்தின் கீழே பஞ்சு போன்ற அடியுரோமம் ஒன்றும் அவற்றுக்கு உண்டு. மேலே தொட்டால் உலர்ந்தாற்போலிருக்கும். விரலால் விலக்கிப் பார்த்தால் அடியில் ஈரம் நிற்கும். புழுக்கமான நாளில் அந்த ஈரத்தின்மேல் நாய் ஒருமுறை கடித்துச் சொறிந்தால் போதும், ஓரிரவில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் பரவிவிடுகிறது.

உடம்பை உதறி நீரைத் தெறிக்கவிடும் கலையை நாய் தானே அறியும். பல விலங்குகளின் உதறலை அளந்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லாப்ரடார் வினாடிக்கு நான்கைந்து முறை உதறுகிறது. உருவம் சிறுக்கச் சிறுக்க வேகம் கூடுகிறது. சுண்டெலி வினாடிக்கு முப்பது முறை வரை உதறுகிறதாம். ஆகவே கரையேறியவுடன் துண்டோடு பாயாமல், சற்று விலகி நின்று அதன் வேலையை அது முடிக்க விட்டுவிடுவதே நன்று. நம் உடையும் தப்பும்.

பின்னர் கழுத்துப்பட்டியையும் மார்புப்பட்டியையும் கழற்றிவிட வேண்டும். ஈரத்தோல் கழுத்தை அறுக்கும். வண்டலும் பாசியும் போக நல்ல நீரை ஊற்ற வேண்டும். நீச்சற்குளமாயின் குளோரின் போகவும் இது அவசியம். நாம் தேய்க்கும் சோப்பு ஆகாது. நாயின் தோல் நம் தோலைப் போல் அமிலத்தன்மை உடையதன்று. நம் சோப்பை அடிக்கடி போட்டால் இயற்கை எண்ணெய் போய்த் தோல் வறண்டுவிடும். நான் பெருமைப்பட்ட மணம் அவனுக்கு நன்மை செய்யவில்லை.

துவட்டுவதற்கு ஊரிலிருந்து கொண்டுவந்த ஈரிழைத் துண்டுக்கு ஈடாக நான் வேறொன்றைக் காணவில்லை. ஒன்று போதாது, மூன்று வேண்டும். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி நீரை எடுக்க வேண்டும்; தேய்த்தால் அடியுரோமம் சிக்குப் பிடிக்கும். அக்குள், தொடையிடுக்கு, வாலடி, விரலிடுக்கு ஆகியவை நாம் மறக்கும் இடங்கள். காது மடலைத் திருப்பி, விரலில் சுற்றிய துணியால் கண்ணுக்குத் தெரியும் வரை மட்டும் துடைக்கலாம். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விடுவது அழுக்கை ஆழத்துக்குத் தள்ளுவதாகும். அடிக்கடி நீந்தும் நாய்க்குக் காதை உலர்த்தும் மருந்துநீர் உண்டு. ஆனால் செவிப்பறை பழுதில்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே அதை விட வேண்டும். அதன்பின் மின்விசிறிக்கடியில் ஒரு மணி நேரம்.

எந்த நீரில் இறக்குகிறோம் என்பதும் கருதத்தக்கது. தில்லி நகரத்து யமுனையில் கழிவுநீர் கலக்கிறது. அதில் நாயை விடுவதற்கில்லை. பச்சைப் பாசி படர்ந்த குட்டையும் ஆகாது. அதிலுள்ள சில வகைகள் நஞ்சு. மழைநீர் தேங்கிய இடங்களில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரும். நாயிடமிருந்து அது நமக்கும் தொற்றக்கூடும். 2005 ஜூலை வெள்ளத்துக்குப்பின் மும்பையில் அந்நோய் பரவியதை அங்குள்ள நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இதற்கு நாய்களுக்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசி உண்டு. மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

ஆனி பிறந்து காற்றில் ஈரம் ஏறியபின் மாலை நேரத்தில் மணியை நீந்த விடுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். அடுக்ககத்து மூன்றாம் மாடியில், வெயில் போனபின், அவ்வளவு உரோமத்தை உலர்த்த வழியில்லை. காலையில் நீந்தினால் பகல் முழுவதும் இருக்கிறது. திரும்பி வந்ததும் அவன் மாடிப்படியின் கீழே நின்றுகொள்கிறான். மூன்று துண்டுகளும் ஈரமாகும் வரை மேலே ஏற மறுக்கிறான்.