அரியணையில் ஒரு குழந்தை: நான்காம் ஹென்றியின் இளமைக்கால ஆட்சி

இடைக்கால ஐரோப்பாவில் சிறுவர்கள் முடிசூடிய ஆட்சிகளை இக்கருத்தரங்கு ஆய்வுப் பொருளாகக் கொண்டிருப்பது மிகப் பொருத்தமானது. வலிமை வாய்ந்த வேந்தன் வீற்றிருக்கும்போது கண்ணுக்குப் புலப்படாத அரசமைப்பின் மூட்டுகள், அவ்விடத்தில் ஒரு குழந்தை அமரும்போதுதான் வெளியே தெரிகின்றன. இதற்குத் தக்க சான்று ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றியின் இளமைக்காலமாகும்.

1050 நவம்பரில் பிறந்த ஹென்றி, 1056 அக்டோபர் 5 அன்று தந்தை மூன்றாம் ஹென்றி மறைந்தபோது ஆறு வயதை நிறைவு செய்திருக்கவில்லை. ஆயினும் புதிதாக முடிசூட்ட வேண்டிய தேவை எழவில்லை. 1053இல் திரிபூரில் கூடிய பெருங்குடி மக்கள் அவனை வருங்கால அரசனாக ஏற்றிருந்தனர், மறு ஆண்டே ஆகன் நகரில் முடிசூட்டு விழாவும் நடந்தேறியிருந்தது. அவன் நேர்மையான ஆட்சியாளனாக விளங்கினால் மட்டுமே கீழ்ப்படிவோம் என்று திரிபூரில் அவர்கள் விதித்த நிபந்தனை, மூன்று வயதுக் குழந்தையைவிட அதன் தந்தையின் கடுமையான ஆட்சியையே கருத்தில் கொண்டு எழுந்தது எனக் கொள்ளுதல் தகும்.

சிக்கலின் வேர் சட்ட வழக்கில் இருந்தது. அரசனுக்கு உரிய வயது வரும்வரை அவனுக்காக ஆளும் காப்பாளர் என்றொரு பதவியை அக்கால ஜெர்மானிய வழக்கு வரையறுத்திருக்கவில்லை. முடிசூடியவன் குழந்தையாயினும் முழு அரசனே. நிலக்கொடைகளை உறுதி செய்யும் பட்டயங்கள் அனைத்தும் அவன் பெயராலேயே வெளிவந்தன. தாய் ஆக்னஸ் பேரரசி ஆட்சியை நடத்திய போதிலும், அவற்றில் அவர் மகனிடம் பரிந்துரைத்தவராகவே குறிக்கப்பட்டார். அரசனின் பெயரெழுத்துகளைப் பின்னி எழுத்தர் ஓர் இலச்சினை வரைய, அதில் விடுபட்ட ஒரே ஒரு கோட்டை அரசன் தன் கையால் இட்டு நிறைவு செய்வது அக்காலப் பட்டய மரபு. ஒரு சிறுவனின் கையிலிருந்து வரவேண்டிய அந்தச் சிறு கோட்டில் பேரரசின் நிலங்களும் வருவாயும் அடங்கியிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், பின்னர் நிகழ்ந்தவை வியப்பளிக்கமாட்டா. சிறுவன் எவர் கையில் இருந்தானோ, ஆட்சியும் அவர் கையில் இருந்தது.

கொலோன் பேராயர் இரண்டாம் அன்னோ இதை நன்கு உணர்ந்திருந்தார். 1062இல், அக்காலத்தில் ரைன் ஆற்றுத் தீவாக இருந்த கைசர்ஸ்வெர்த் அரண்மனையில் விருந்து முடிந்து மகிழ்ச்சியோடிருந்த பதினொரு வயது ஹென்றியை, வேலைப்பாடு மிக்க தம் படகைக் காண வருமாறு அவர் அழைத்தார். சிறுவன் ஏறியதும் அன்னோவின் ஆட்கள் அவனைச் சூழ்ந்துகொள்ள, துடுப்பு வலிப்போர் படகை நடு ஆற்றுக்குச் செலுத்தினர். தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று அஞ்சிய ஹென்றி வெள்ளத்தில் குதித்தான். சதியில் பங்குகொண்டிருந்த எக்பெர்ட் கோமானே உடன் பாய்ந்து அவனை மீட்டுப் படகில் சேர்த்தார். கரையில் மக்கள் கூச்சலிட்டபடி பின்தொடர, படகு கொலோனை நோக்கிச் சென்றது. சிறுவனோடு பேரரசின் புனித ஈட்டியும் சிலுவையும் அன்னோவின் வசமாயின. இவ்வளவுக்குப் பின்னும் ஆட்சி சட்டப்படி இடையறாது தொடர்ந்தது. பட்டயங்கள் முன்போலவே ஹென்றியின் பெயரால் வெளிவந்தன.

இக்காட்சியை விரிவாகத் தருபவர் ஹெர்ஸ்ஃபெல்ட் மடத்துத் துறவி லாம்பெர்ட். அவர் அன்னோவைப் போற்றியவர், வளர்ந்த ஹென்றியை வெறுத்தவர். நிகழ்ச்சி நடந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர். ஆற்றில் குதித்த சிறுவனின் அச்சத்தை அப்படிப்பட்டவரே பதிவு செய்திருப்பதால் அச்செய்தியின் மதிப்பு கூடுகிறது. அன்னோ 1183இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்தப் படகுப் பயணத்தை அப்பட்டம் நியாயமாக்கிவிடாது.

மறு ஆண்டு பெந்தெகொஸ்தே திருநாளில், கோஸ்லார் தேவாலயத்தில், மைன்ஸ் பேராயருக்கு அருகில் அமரும் உரிமை ஹில்டெஸ்ஹைம் ஆயருக்கா, ஃபுல்டா மடத்தலைவருக்கா என்ற பூசல் வாள்சண்டையாக மூண்டது. ஹில்டெஸ்ஹைம் தரப்புக்காகப் பலிபீடத்தின் பின்னே வீரர்களை மறைத்து வைத்திருந்தவர் அதே எக்பெர்ட். பன்னிரண்டு வயது அரசன் தன் அரச மாண்பைச் சொல்லி உரத்துக் கூவியும் ஒருவரும் செவிசாய்க்கவில்லை. அதே ஆண்டில் அரச வருவாயில் ஒன்பதில் ஒரு பங்கு, அவன் பெயரால் எழுந்த பட்டயத்தின் வழியே கொலோன் திருச்சபைக்கு வழங்கப்பட்டது. பின்னர் செல்வாக்குப் பெற்ற பிரெமென் பேராயர் அடால்பெர்ட்டும் அரச மடங்களைத் தம் திருச்சபைக்குப் பெற்றுக்கொண்டார்.

1065 மார்ச் 29 அன்று வோர்ம்ஸ் நகரில் வாள் தரித்து உரிய வயதெய்தியவனாக அறிவிக்கப்பட்டதும், ஹென்றி முதலில் நாடியது அன்னோவின் மீது படையெடுப்பதையே, தாய் தடுத்தார். இழந்த அரச நிலங்களைச் சாக்சனியில் மீட்கவும் ஹார்ஸ் மலைப் பகுதியில் கோட்டைகள் எழுப்பவும் அவன் காட்டிய பிடிவாதம் 1073இல் சாக்சனியர் கிளர்ச்சிக்கு வழிவகுத்தது. அக்கிளர்ச்சியில் முன்னின்ற நார்ட்ஹைம் ஓட்டோவும், 1077இல் எதிர் அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ருடால்ஃபும், ஆக்னஸின் ஆட்சிக்காலத்தில் கோமகன் பதவி பெற்றவர்கள். 1077 சனவரியில் கனோசாக் கோட்டை வாயிலில் திருத்தந்தை ஏழாம் கிரகோரியின் முன் மன்னிப்பு வேண்டி நின்ற அரசனின் பிடிவாதத்தையும் ஐயவுணர்வையும் பிறவிக் குணம் என்று எழுதிச் செல்லும் நூல்கள், கைசர்ஸ்வெர்த் படகை மறந்துவிடுகின்றன.

இங்கே கட்டுரை படிக்கவிருக்கும் ஆய்வாளர்களுக்கு இத்தலைமையுரை ஒரு வேண்டுகோளை வைக்கிறது: பிற்கால வரலாற்றேடுகளின் தீர்ப்புகளுக்குச் செல்லுமுன், 1056 முதல் 1065 வரையிலான பட்டயங்களை ஆண்டு வரிசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் சிறுவன் எவ்வூரில் இருந்தான், பரிந்துரைத்தவர் யார், பயன்பெற்றவர் யார் என்பதை முதலில் படியுங்கள்.