மூணாவது பாட்டில்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் சொன்னார், "மருந்துக்கடைக்காரர், சீட்டைப் பார்த்து மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவர்தானே"ன்னு. கைதட்டலும் வாங்கிட்டார்!

எங்க அப்பாவுக்கு இருமல். ரெண்டு வாரத்துல ரெண்டு பாட்டில் டானிக் காலி. மூணாவது வாங்கப் போனேன். கடைக்காரர் தரலை.

"தம்பி, ரெண்டு வாரம் தாண்டின இருமலுக்கு டானிக் கிடையாது. சளிப் பரிசோதனைதான். அரசு ஆஸ்பத்திரியில இலவசம். கூட்டிட்டுப் போங்க."

திட்டிக்கிட்டே போனேன். காசநோய்! ஆறு மாச மாத்திரை. ரெண்டாம் மாசமே அப்பா, "இருமல் நின்னுடுச்சு, எதுக்குடா மாத்திரை?"ன்னார். அப்பவும் அதே மனுஷர்தான், "பாதியில விட்டா கிருமி அப்புறம் மருந்துக்கே மசியாது பெரியவரே"ன்னு தடுத்தார்.

காசநோய் மருந்து வாங்குறவங்க விவரத்தை மருந்துக்கடைகளும் அரசுக்குத் தெரிவிக்கணும்னு 2018-ல் ஆணையே வந்தது. ஏன்? டாக்டரைப் பார்க்க டோக்கன் வேணும். இவரைப் பார்க்கத் தெருமுனை போதும்!

அன்னைக்கு அவர் இழந்தது ஒரு பாட்டில் வியாபாரம். தப்பிச்சது அப்பா மட்டுமல்ல, அதே அறையில் படுத்த என் பிள்ளைகளும்தான்.

நடுவர் அவர்களே, விற்கத் தெரிந்தவர் கடைக்காரர். விற்க மறுக்கவும் தெரிந்தவரே மருந்தாளுநர்!