உப்புத் தின்றவர் யார், தண்ணி குடிப்பவர் யார்?

(ஸ்ரௌவ்வில்லில் நடந்த எங்கள் குளிர்காலச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழியைப் பெரிதாகத் திருத்தவில்லை.)



முதல்ல எல்லாரும் ஒருக்கா உங்கட சப்பாத்தைப் பாருங்கோ. விளிம்பில வெள்ளையாய் ஒரு கோடு இருக்கும். அது பனி இல்லை, உப்பு. வெளியில இருக்கிற பார்க்கிங் லொட்டில இருந்து நீங்களே காவிக்கொண்டு வந்தது. இண்டைக்கு நான் அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றித்தான் கதைக்கப் போறன். தண்ணி, மண், சத்துக்கள் எப்பிடிச் சுத்தி வருது எண்டதை அளக்கிறதுதான் என்ட முதுகலைப் படிப்பு. அதில நான் படிச்ச முக்கியமான விசயம் இந்த உப்புக்குள்ள இருக்கு.

எங்கட துறையில எவ்வளவு பெரிய மொடல் எண்டாலும் அடியில இருக்கிறது ஒரு கடைக்காரரின்ட கணக்குக் கொப்பிதான். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு நிண்டது. மழையும் பனியும் வரவு. ஆவியாகிறது, மரம் உறிஞ்சிறது, ஓடையால ஓடுறது எல்லாம் செலவு. மிச்சம் நிலத்துக்குள்ள இறங்குது. அந்தக் கணக்கை முன்னுக்கு ஓடவிட்டு, இப்பிடியே போனால் 30 வருசத்தில என்ன நடக்கும் எண்டு கேக்கிறதுக்குப் பெயர்தான் மொடலிங்.

நைதரசனின் கணக்கு எழுதுவது கடினம். பயிர் எடுக்கும், நுண்ணுயிர் உருமாற்றும், ஈரநிலத்தில் ஒரு பகுதி வாயுவாகக் காற்றுக்குப் போய்விடும். பொசுபரசு மண்துகளோடு ஒட்டிக்கொண்டு திரியும். உப்பில் இருக்கும் குளோரைட்டு அப்படி இல்லை. அது உடையாது, ஆவியாகாது, மண் அதைப் பெரிதாகப் பிடித்து வைக்காது, செடியும் பெரிதாக எடுக்காது. தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும். அதனால் தண்ணீர் எங்கே போகிறது என்று காட்டிக்கொடுக்கிற மிக நேர்மையான சாட்சி அது.

இந்தக் கணக்கை முதன்முதலில் ஒழுங்காகப் போட்ட இடங்களில் ஒன்று எங்கட ஸ்காபரோ. ஹைலண்ட் கிறீக் உங்களில கனபேருக்குத் தெரியும். மல்வேர்ண் பக்கமும் அதின்ட ஒரு கிளை வருது, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துக்குக் கீழால போய் ஒன்ராறியோ ஏரியில விழுது. அந்த வளாகத்தில் இருந்த கென் ஹவர்ட் என்ற நிலத்தடி நீர் ஆய்வாளரும் அவரோடு வேலை செய்த ஹெயின்ஸ் என்பவரும் 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேள்வி மிக எளிமையானது. ஒரு வருடத்தில் இந்த ஓடையின் படுகைக்குள் எவ்வளவு வீதி உப்புக் கொட்டப்படுகிறது? ஓடையால் எவ்வளவு வெளியே போகிறது?

போனது ஏறத்தாழ 45 வீதம்தான். மிச்ச 55 வீதம் நிலத்துக்குள் நிண்டுவிட்டது. ஒவ்வொரு வருசமும்.

அவர்கள் கணக்கை முன்னுக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். அதே அளவு உப்பை அதே மாதிரிப் போட்டுக்கொண்டே இருந்தால், அங்குள்ள நிலத்தடி நீரில் குளோரைட்டு கடைசியில் லீற்றருக்கு 426 மில்லிகிராம் அளவில் போய் நிற்கும் என்று வந்தது. நீரில் வாழும் உயிர்கள் நீண்டகாலம் தாங்கக்கூடியது என்று கனடா வைத்திருக்கிற வழிகாட்டல் அளவு 120. குடிதண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கும் என்று வைத்திருக்கிற அளவு 250.

இந்தக் கணக்கு நான் பிறக்கிறதுக்கு முதலே போட்டது. அதாவது எங்கட அம்மா அப்பா விமானத்தால இறங்கி, முதல் குளிருக்கு நடுங்கி, ஸ்காபரோ அப்பார்ட்மென்ட் வாசலில வழுக்கி விழாமல் நடக்கிறதுக்காகக் கொட்டின உப்பில ஒரு பகுதி இன்னும் நிலத்துக்குள்ளதான் இருக்கு. மெல்ல மெல்ல ஊறி வருது. அதாலதான் ரொறன்ரோவைச் சுத்தியிருக்கிற ஓடைகளில ஆடி மாதத்திலயும், பனி போய் எவ்வளவோ காலத்துக்குப் பிறகும், உப்பு அளக்க முடியுது.

உப்புத் தின்றவன் தண்ணி குடிக்க வேணும் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். இங்க நடக்கிறது வேற. உப்பைப் போடுறது ஒரு தலைமுறை, தண்ணி குடிக்கிறது அடுத்த தலைமுறை. உப்பால லாபம் எடுக்கிறவர் ஒருத்தர், வாயில்லாமல் கீழ்ப்பக்கத்தில கிடக்கிறது இன்னொரு உயிர்.

சரி, ஸ்காபரோக் கதையை ஏன் ஸ்ரௌவ்வில்லில வந்து சொல்லுறன்? இங்க வர நீங்கள் எந்த வீதியால வந்தனீங்கள்? கனபேர் மக்கோவன் வீதியால. அதே வீதியாலதான் எங்கட சனம் 30 வருசமாய் ஸ்காபரோவில இருந்து மார்க்கம், மார்க்கத்தில இருந்து ஸ்ரௌவ்வில் எண்டு வடக்கால ஏறி வந்தது. ஏற ஏற நிலமும் உயருது. இந்த ஊருக்கு வடக்கால இருக்கிற மேடுதான் ஓக் றிட்ஜஸ் மொறெயின். பனியாறுகள் உருகிப் போனபோது விட்டுச் சென்ற மணலும் சரளையும் சேர்ந்த மேடு, ஏறத்தாழ 160 கிலோமீற்றர் நீளம். அங்கே விழும் மழை ஓடிப் போகாமல் மணலுக்குள் இறங்குகிறது. பிறகு மேட்டின் இரண்டு பக்கமும் ஊற்றாக வெளியே வருகிறது. வடக்கே சிம்கோ ஏரிக்குப் போகும் ஓடைகள், தெற்கே டஃபின்ஸ் கிறீக், றூஜ் போன்றவை. இந்த ஊரின் குழாய்த் தண்ணீரிலும் ஒரு பகுதி கிணற்றுத் தண்ணீர்தான்.

ஹைலண்ட் கிறீக் ஏறக்குறைய முழுக்கக் கட்டிடமாய்ப் போன படுகை. அங்க கணக்கு முடிஞ்சுபோச்சு, விளைவு மட்டும்தான் வந்துகொண்டிருக்கு. இங்க கணக்கு இப்பதான் தொடங்குது. தண்ணி உள்ளுக்குப் போகிற வாசலுக்குப் பக்கத்திலயே தார் போட்டு, அதுக்கு மேல உப்பும் போடுறம்.

நிலம் மாறுறது இது முதல் தடவை இல்லை. இந்த ஊரின்ட தென்கிழக்கில, ஒரு புதிய குடியிருப்புக்காக நிலத்தைப் பரிசோதிக்கேக்க, வெண்டாட் மக்களின் மூதாதையர் வாழ்ந்த ஒரு பெரிய ஊர் கண்டுபிடிக்கப்பட்டது. 98 நீள்வீடுகளின் தடயங்கள். சுற்றிவரச் சோளத் தோட்டங்கள். இப்படியான ஊர்கள் மண்ணின் சத்தும் விறகும் குறையக் குறைய, சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வேறு இடத்துக்கு நகர்ந்தன. பழைய மண் ஆறுவதற்கு நேரம் கிடைத்தது. இப்ப அங்க சுத்திவர வீடுகள். இந்த ஊரில ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெண்டாட் வில்லேஜ் எண்டு பெயர் மட்டும் வைச்சிருக்கு.

பிறகு வந்த குடியேறிகள் 19ஆம் நூற்றாண்டில் காட்டை ஏறக்குறைய முழுவதும் வெட்டினார்கள். மணல் மேட்டில் மரம் போனால் என்ன நடக்கும்? மணல் பறந்தது, வயல்கள் பாலையாகின. 1924இல் யோர்க் கவுண்டி அந்த நிலத்தில் ஒரு பகுதியைப் பொதுக் காணியாக்கி மரம் நடத் தொடங்கியது. இண்டைக்கு நாங்கள் நடக்கப் போகிற யோர்க் பிராந்தியக் காடு அப்படித்தான் வந்தது. இதை ஞாபகம் வைச்சிருங்கோ, கடைசியில திரும்பி வருவன்.

இப்ப ஒரு வீட்டுக் கதை. என்ட மாமா ஒருத்தர் குளிர்காலத்தில உப்பு லொறி ஓடுறவர். இரவு இரண்டு மணிக்குப் போன் வரும், எழும்பி ஓடுவார். போன வருசம் நான் ஒரு பிளாசாவுக்குக் கீழ இருக்கிற ஓடையில அளந்துகொண்டிருந்தன். தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துது எண்டு பாத்து உப்பை மதிப்பிடுகிற சின்னக் கருவி. பங்குனியில ஒரு நாள் இலக்கம் சட்டெண்டு ஏறிச்சுது. வீட்ட போய்ச் சொன்னன். மாமா கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு சொன்னார், "அந்த லொட் நான்தான் பிள்ளை செய்யிறனான்."

எனக்கு வெக்கமாய்ப் போச்சு. அவர் சொன்னது இதுதான்: "அவ்வளவு தேவையில்லை எண்டு எனக்குத் தெரியும். தரையைப் பாத்தாலே தெரியும். ஆனால் ஒராள் வழுக்கி விழுந்தால் வழக்கு. வழக்கு வந்தால் முதலாளி என்னைத்தான் கேப்பான். குறைச்சுப் போட்டால் என்ட வேலை போகும், கூடப் போட்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

தோழர்களே, ஆய்வுக் கட்டுரைகளில இதை 'நடத்தைசார் காரணி' எண்டு எழுதுவினம். நான் இதை வர்க்கப் பிரச்சினை எண்டு சொல்லுவன். விழுகிற ஆபத்தும் வழக்குச் செலவும் மேல இருந்து கீழ தள்ளப்பட்டு, கடைசியில இரவு மூண்டு மணிக்கு லொறிக்குள்ள இருக்கிற ஒரு மனிசனின்ட தலையில நிக்குது. அங்கயிருந்து ஓடைக்குள்ள போகுது. கனடிய அரசின் மதிப்பீடு 2001இலேயே வீதி உப்புச் சூழலுக்கு நஞ்சு என்று முடிவு செய்தது. 2004இல் வந்தது ஒரு தன்னார்வ நடைமுறைக் கோவை மட்டும்தான். அதுவும் பெரிய அளவில் பொது வீதிகளைப் பராமரிப்பவர்களுக்கானது. தனியார் பார்க்கிங் லொட்டுகள் அதற்கு வெளியே. அதால என்ட கொப்பியில 'வரவு' பக்கத்தில ஒரு பெரிய ஓட்டை. லொட்டுகளில எவ்வளவு போடுறாங்கள் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

கணக்குக் கொப்பி ஆரின்ட கையில இருக்குது எண்டதுதான் அரசியல். 2000ஆம் ஆண்டு மே மாதம் வோக்கர்ற்றன் என்ற ஒன்ராறியோச் சிற்றூரில் பெருமழை பெய்து, மாட்டெருவில் இருந்த கிருமி ஊர்க் கிணற்றுக்குள் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள், 2,000க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஊர் நீர் வாரியத்தை நடத்தியவர்களின் பிழைகளும் பொய்ப் பதிவுகளும் ஒரு காரணம். ஆனால் நீதிபதி ஓகோனரின் விசாரணை, மாகாண அரசின் செலவு வெட்டுகளுக்கும் பரிசோதனைச் சாலைகளைத் தனியாருக்கு விட்ட விதத்துக்கும் பங்கு இருந்ததாகச் சொன்னது. அளக்கிறவரைக் குறைத்தால் நோய் குறையாது. தெரிய வருகிற நேரம்தான் பிந்தும்.

2022இல் என்ன நடந்தது? மாகாணத்தின் சட்டமூலம் 23, படுகைகளைப் பாதுகாக்கும் அதிகாரசபைகள் கட்டிடத் திட்டங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய கருத்தை வெள்ளம், மண்ணரிப்பு போன்ற இடர்களுக்குள் சுருக்கியது. நீர் மாசு பற்றி அவர்கள் அந்த மேசையில் பேச முடியாது. அதே மாதங்களில் கிரீன்பெல்ற்றில் இருந்து 7,400 ஏக்கர் எடுக்கப்பட்டது. அதில் ஸ்ரௌவ்வில்லில் மக்கோவன் வீதிக் காணியும் இருந்தது. காணிச் சொந்தக்காரருக்கு 800 கோடி டொலருக்கு மேல் மதிப்பு உயரக்கூடும் என்று 2023 ஆவணியில் கணக்காய்வாளர் நாயகம் சொன்னார். சனம் தெருவில் இறங்கியது. புரட்டாதியில் முதலமைச்சர் பின்வாங்கினார்.

"எங்களுக்கு வீடு வேணுமே?" எண்டு கேப்பீங்கள். வேணும். என்ட சொந்தக்காரர் பாதிப்பேர் இந்தப் புது வீடுகளிலதான் இருக்கினம், நான் அவையைக் குற்றம் சொல்ல வரேல்லை. ஆனால் மாகாணம் தானே நியமித்த வீட்டுவசதிச் செயலணிகூட, காணிப் பற்றாக்குறை இந்தப் பிரச்சினையின் காரணம் இல்லை என்று 2022இல் எழுதியது. கட்டின இடத்துக்குள்ள, பஸ் ஓடுற தெருவில, வாடகை கட்டக்கூடிய வீடு கேக்கிறதும் தண்ணிக்கான போராட்டம்தான்.

இன்னொரு கொப்பியும் எங்களிட்ட இருக்கு. யாழ்ப்பாணம். அங்க ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள்ள மழை இறங்கி நிக்கிறதுதான் தண்ணி. என்ட அம்மம்மா சொல்லுவா, தோட்டத்துக்குப் பூவரசங்குழையும் பனையோலையும் தாட்டு, மாட்டெரு போட்ட காலத்தை. பிறகு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் யூரியா வந்தது. பயிர் எடுக்காத நைத்திரேற்று கிணத்துக்குள்ள இறங்கினது. மலசலகூடக் குழிகளில இருந்தும் இறங்கினது. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றுக் கூடியிருப்பது 1980களில் இருந்தே தெரிந்த விசயம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைகள். பிறகு சண்டை வந்தது. கொப்பியில வருசக் கணக்கில வெறும் பக்கங்கள்.

அங்கயிருந்து இன்னொரு பாடமும் இருக்கு. 2021இல் கொழும்பு அரசு செயற்கைப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்தது. கமக்காரர் தெருவுக்கு வந்தார்கள், அதே வருடக் கடைசியில் தடை போனது. கணக்கும் பாக்காமல், மாற்று வழியும் குடுக்காமல், கீழ இருக்கிறவன்ட தலையில தடையைப் போட்டால் மண்ணும் தேறாது, மனிசனும் தேறான். மாமாவிட்டப் போய் "உப்புப் போடாதேங்கோ" எண்டு நான் சொல்லுறதும் அதே வேலைதான்.

அப்ப என்ன கேக்கலாம்? நாலு விசயம். ஒண்டு, பெரிய தனியார் லொட்டுகள் எவ்வளவு உப்புப் போடுதுகள் எண்டு பதிவு செய்து வெளியிட வேணும். இரண்டு, பனி வேலை ஒப்பந்தங்களில் பயிற்சியும், அளவாகப் போட்ட தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பும் வேணும். கொட்டின உப்புக்கு இல்லை, வேலைக்குக் காசு. மூண்டு, படுகை அதிகாரசபைகளுக்கு மாசு பற்றிப் பேசுகிற உரிமையும் அளக்கிறதுக்கான காசும் திரும்ப வேணும். நாலாவது எங்களுக்கு. கடத்துதிறன் கருவி ஒண்டு பெரிய விலை இல்லை. இங்க இருக்கிற ஆக்களில ஆறுபேர் வந்தால், ஸ்ரௌவ்வில்லில இருந்து ஸ்காபரோ மட்டும் மக்கோவன் வீதிக்குக் கிட்ட வருகிற ஓடைகளில மாதம் ஒருக்கா ஒரே இடத்தில அளக்கலாம். ஒரு தரம் அளந்தால் அது ஒரு இலக்கம். பத்து வருசம் அளந்தால் அதை ஒருத்தரும் தட்டிவிட ஏலாது.

1924ஐ ஞாபகம் வைச்சிருக்கச் சொன்னன். மரம் நட்டவர்களில கனபேர் அந்த நிழலில நடக்கேல்லை. இண்டைக்கு நாங்கள் உப்பைக் குறைச்சாலும் ஓடையில வித்தியாசம் தெரியக் கனவருசம் எடுக்கும், ஏனெண்டால் பழைய உப்பு இன்னும் உள்ளுக்க நிக்குது. அது எங்கட தோல்வி இல்லை, நிலம் கணக்கு முடிக்கிற வேகம் அது. நாங்கள் செய்யக்கூடியது, எங்களுக்குப் பிறகு வாறவையின்ட கையில ஒழுங்கான கொப்பியைக் குடுக்கிறது.

அடுத்த ஞாயிறு காலமை நான் ஓடைக்குப் போறன். மாமாவும் வாறன் எண்டு சொல்லியிருக்கிறார், லொட்டில எங்க உப்புக் குவியிறது எண்டு அவருக்குத்தான் தெரியும். வரக்கூடிய ஆக்கள் வாங்கோ. தண்ணி போகாத சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாங்கோ.