ஆயிரக்கால் மண்டபம்

தில்லைத் திருக்கோயிலில் சிவகங்கைத் திருக்குளத்தின் கீழ்பால் ஆயிரக்கால் மண்டபம் உள்ளது. இராசசபை என்றும் அதனை வழங்குவோம். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தை அரங்கேற்றியருளியது அம்மண்டபத்திலேதான் என்பது நம் முன்னோர் வழிவந்த செய்தி. ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி, மறு சித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றதாம். ஓராண்டுக் காலம் அடியார் வரலாறு கேட்பதற்கென்றே மக்கள் கூடினர். சோழ மன்னனும் அவர்களோடிருந்து கேட்டான்.

அத்தகைய திருக்கோயில் பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டையாயிற்று! உயர்ந்த மதில்களைக் கண்ட படைத்தலைவர்களுக்கு வேறென்ன தோன்றும்? பிரெஞ்சுக்காரர் படை வைத்தனர். 1760இல் ஆங்கிலேயர் கைக்கொண்டனர். 1781இல் ஐதர் அலியின் காவற்படை உள்ளேயிருக்க, ஆங்கிலத் தளபதி அயர் கூட் தாக்கி, இயலாது பின்வாங்கினார். இறைவனுக்கென எழுப்பிய மதில் பீரங்கிக்கு இலக்காயிற்று.

படைகள் போயின. ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேரினின்று இறங்கும் கூத்தப்பெருமான், இன்றும் அம்மண்டபத்தில் எழுந்தருளி, வைகறையில் திருமுழுக்கு ஏற்கின்றான்.

அந்நியர் செய்ததற்கு நாம் வருந்துகிறோம், முறைதான். ஆயின் நம் ஊர்களில் எத்தனை மண்டபங்கள் உடைந்த வாகனங்களும் பழம்பந்தற் கால்களும் அடைக்கும் இடமாய்க் கிடக்கின்றன? அங்கே படையெடுத்தவர் யார்? இத்திருவிழா முடிவதற்குள் ஒரு மண்டபத்தையேனும் பெருக்கி விளக்கேற்றுவோம். மாலைதோறும் ஒரு நாயனார் வரலாற்றை அங்கே படிப்போம். பத்துப் பேர் கேட்க வந்தாலும் போதும்.